காணாமல் போன 13 கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் மேலாண்மைக் கணக்கியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர்கள், புள்ளியியல் அத்தியாயத்தை ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வருவதுண்டு. கடைசியாக வந்த ஆய்வேட்டைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தலைப்பு நல்ல தலைப்பு. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, பலகாரத் தொழில், ஓட்டலாக மாறிய பழைய வீடுகள். இவற்றில் பட்ஜெட் போடும்போது ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டால் வேலைத்திறன் கூடுமா என்பது கேள்வி. அலைந்து திரிந்துதான் தகவல் சேகரித்திருக்கிறார்கள். பின்னிணைப்பில் உள்ள கேள்வித்தாளில் 32 கேள்விகள். முடிவு அட்டவணையில் 19. மீதி 13 என்ன ஆயிற்று என்று ஆய்வேடு முழுக்கத் தேடினாலும் ஒரு வரி இல்லை. கேட்டால், "லோடிங் கம்மியா இருந்துச்சு சார், எடுத்துட்டோம்." ஒரு கேள்வி, தான் அளக்க வேண்டிய விஷயத்தோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று சொல்லும் எண்தான் லோடிங்.

எடுக்கலாம் அய்யா, தாராளமாக எடுக்கலாம். எதை, எந்தக் காரணத்துக்காக, எந்தக் கட்டத்தில் எடுத்தீர்கள் என்று எழுதுவதற்கு அரைப் பக்கம் போதுமே! அந்தக் காலத்தில் செட்டிநாட்டார் நடத்திய ரங்கூன் கடையிலிருந்து லாபத் தொகையை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் ஊரிலிருந்த எந்த முதலாளி ஒப்புக்கொண்டிருப்பார்? பற்றும் வரவும் வரிவரியாக வேண்டும், ஐந்தொகை நேராக வேண்டும். அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, அதுவும் கணக்கியல் ஆய்வில், முடிவை மட்டும் காட்டுகிறோம்.

என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது வேறொன்று. "ஃபிட் நல்லா வந்திருக்கு, அதனால மாடல் நிரூபணம் ஆயிடுச்சு." எது எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறி போட்டு வரைவது மாடல்; அது சேகரித்த தகவலோடு எவ்வளவு பொருந்துகிறது என்பது ஃபிட். அந்தப் பொருத்தத்தை அளக்கும் சிஎஃப்ஐ 0.95, ஆர்எம்எஸ்இஏ 0.06 என்ற அளவுகள் 1999-இல் வெளியான ஒரு சிமுலேஷன் (கணினியில் உருவாக்கிய தகவலை வைத்துச் செய்த) ஆய்விலிருந்து வந்த வழிகாட்டுதல்கள். அவற்றைத் தேர்வில் பாஸ் மார்க் மாதிரி ஆக்கிவிட்டோம். சரி, பாஸ் ஆனது என்றே வைத்துக்கொள்வோம். பட்ஜெட் பங்கேற்பு ஈடுபாட்டைக் கூட்டுகிறது, ஈடுபாடு வேலைத்திறனைக் கூட்டுகிறது என்று அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். இரண்டு அம்புகளையும் அப்படியே திருப்பிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். வேலைத்திறனிலிருந்து ஈடுபாடு, ஈடுபாட்டிலிருந்து பங்கேற்பு. ஃபிட் எண்கள் அப்படியே இருக்கும், ஒரு புள்ளிகூட மாறாது. நன்றாக ஓடும் பட்டறையில் ஆட்களும் ஈடுபாட்டோடு இருப்பார்கள், முதலாளியும் தைரியமாக அவர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்பார் என்ற கதையும் அதே தகவலுக்கு அதே அளவு பொருந்துகிறது. எந்தக் கதை சரி என்று, இந்த மாடல்களை ஓட்டும் மென்பொருளான ஆமோஸ் சொல்லாது, ஸ்மார்ட் பிஎல்எஸ்ஸும் சொல்லாது. ஒரே சமயத்தில் ஒரே ஆளிடம் நிரப்பி வாங்கிய கேள்வித்தாளும் சொல்லாது. கோட்பாட்டை வைத்து நீங்கள்தான் வாதாட வேண்டும்.

இதில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. ஃபிட் வராவிட்டால், எங்கே கோடு சேர்த்தால் ஃபிட் கூடும் என்று மென்பொருள் காட்டும் மாடிஃபிகேஷன் இண்டெக்ஸைப் பார்த்துக் கேள்விகளின் அளவீட்டுப் பிழைகளுக்கு இடையே கோடு போட்டுவிடுகிறார்கள். எந்தத் தகவலைப் பார்த்துக் கோடு போட்டார்களோ அதே தகவலில் பொருந்துகிறது என்று பெருமை வேறு. யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். 19 கேள்வி, அவை அளக்கும் 4 காரணி, அந்தக் காரணிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த சாதாரண அளவீட்டு மாடல் என்றால் கட்டின்மைக் கூறு (தகவலில் உள்ள எண்களிலிருந்து மாடல் கணக்கிடும் எண்களைக் கழித்த மீதி) 146 வர வேண்டும். அட்டவணையில் 142 என்று இருந்தால் நான்கு கோடுகள் சொல்லாமல் போடப்பட்டிருக்கின்றன. என்னைப் போன்ற ஆட்கள் முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான்.

பி மதிப்பு விஷயமும் இதே வகை. தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வருவதற்கான வாய்ப்புதான் பி மதிப்பு; அது 0.05-க்குக் கீழே வந்தால் தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இடத்தில்கூட, ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றை மட்டும் எழுதி, அதையே முதலிலிருந்து கருதுகோளாக வைத்திருந்தது போல இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதாதீர்கள்.

ஆக, ஓட்டிய மாடல்கள் அத்தனையையும் வரிசையாகப் பின்னிணைப்பில் போடுங்கள். எத்தனை பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்தீர்கள், எத்தனை திரும்பின, விடுபட்ட பதில்களை என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் வேண்டும். மென்பொருளின் பெயரோடு பதிப்பு எண்ணும் வேண்டும். கேள்விகளுக்கிடையே உள்ள தொடர்பு அட்டவணையைக் கொடுத்துவிட்டால் இன்னொருவர் உங்கள் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க முடியும். பயப்படாதீர்கள், அதற்காகத்தான் கேட்கிறேன். சாம்பிள் குறைவு என்பதாலேயே பிஎல்எஸ் (ஸ்மார்ட் பிஎல்எஸ் பயன்படுத்தும் கணக்கீட்டு முறை) எடுத்தோம் என்று எழுதிவிட்டு நகராதீர்கள். எந்த அளவு தாக்கத்தைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் தேவை என்ற கணக்கையும் காட்டுங்கள்.

நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஏம்ப்பா, கருதுகோள் நிராகரிக்கப்பட்டிருக்கே" என்று முகம் சுளிக்காதீர்கள். மாணவர்கள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ராத்திரி உட்கார்ந்து கேள்விகளைக் கழிக்கிறார்கள்.