விகடகவியும் பேருந்தின் கடைசி எழுத்தும்

விகடகவி என்ற சொல்லைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான். இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால், இல்லை என்கிறது.

நிரல் எழுதக் கற்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே தரப்படும் பயிற்சி இது: கொடுத்த சொல் மாலைமாற்றா, அதாவது திருப்பிப் படித்தாலும் அதே சொல்லா என்று கண்டுபிடி. வழக்கமான விடையும் ஒரே வரிதான். ஸ்பிளிட் கட்டளையால் சொல்லைத் துண்டு துண்டாக்கி ஓர் அரேயில், அதாவது வரிசைப் பட்டியலில், அடுக்க வேண்டும். ரிவர்ஸ் போட்டால் வரிசை தலைகீழாகும். ஜாயின் போட்டால் மறுபடி ஒரே ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம். பிறகு பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் முடிந்தது. ஆங்கிலச் சொற்கள் தடையில்லாமல் தேறிவிடும். தமிழில் விகடகவி தோற்கும். தாத்தா, பாப்பா, காக்கா எல்லாம் தோற்கும். கற்க என்ற சொல்கூடத் தோற்கும். கடக ராசி மட்டும் தப்பிக்கும், அதுவும் கடக என்பதில் கொம்போ காலோ புள்ளியோ இல்லாத புண்ணியத்தால்.

காரணம், நாம் எழுத்து என்று எண்ணுவதும் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவதும் வேறு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். 216 உயிர்மெய்களுக்கும் தனித்தனி இடம் அங்கே கிடையாது. அகரமேறிய மெய்க்கு ஓர் இடம், அதன்மேல் ஏறும் குறிக்கு இன்னோர் இடம். ஆகவே ‘வி’ என்பது கணினிக்கு வ, பிறகு இகரக் குறி என இரண்டு உருப்படி. விகடகவி நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. சிங்கப்பூர் நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. திருப்பும்போது குறி தன் மெய்யை விட்டுப் பிரிந்து, பக்கத்தில் இருப்பதன்மேல் ஏறிக்கொள்கிறது. சிங்கப்பூரைத் திருப்பினால், ஒட்ட இடமில்லாத ஒரு புள்ளி முன்னால் தனியே நிற்க, அதன் பின்னே ‘ரூப்பக்ஙிச’ என்று ஏதோ வரும். ‘ர்பூப்கங்சி’ என்றல்லவா வந்திருக்க வேண்டும்! அதையும் வாயால் சொல்ல முடியாதுதான், ஆனாலும் எழுத்துக் கணக்கு சரி.

இதற்கு மருந்தாக ஸ்பிளிட்டை விட்டுவிட்டு, நிரலில் சொல்லுக்கு முன்னால் மூன்று புள்ளி (...) வைத்து விரிக்கச் சொல்பவர்கள் உண்டு. அந்த மருந்து இமோஜிக்கானது. பெரும்பாலான இமோஜிகள் ஜாவாஸ்கிரிப்டின் உள்ளே இரண்டு அலகுகளாகக் கிடக்கும். மூன்று புள்ளி அவற்றை உடைக்காமல் ஒன்றாக எடுத்துத் தரும். தமிழ்க் குறியோ யூனிகோடிலேயே தனி உருப்படி என்பதால் எப்படி விரித்தாலும் தனியாகத்தான் வந்து விழும். நமக்கு வேண்டியது செக்மென்டர் என்னும் கருவி. பார்ப்பவர் ஓர் எழுத்து என்று நினைப்பதை அது ஒரு துண்டாக வெட்டும். குரோமில் 2020இலேயே வந்துவிட்டது. 2024இல் ஃபயர்ஃபாக்ஸும் சேர்த்துக்கொண்டதால் இன்று தயங்காமல் பயன்படுத்தலாம். ஸ்பிளிட் இருந்த இடத்தில் இதை வைத்துவிட்டு ரிவர்ஸ், ஜாயின் இரண்டையும் அப்படியே விட்டால் விகடகவி மாலைமாற்றாகிவிடும்.

அதுவும் எல்லாம் அறிந்ததல்ல. க்ஷ என்பதை க், ஷ என்று இரண்டாக்கும். ஸ்ரீயை ஸ், ரீ என்று பிரிக்கும். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலின் பெயரை இந்த வழியில் திருப்பினால் கடைசியில் ‘ரீஸ்’ நிற்கும். இன்னொரு வம்பு ஒகரக் குறியில் இருக்கிறது. ‘கொ’ என்பதில் வரும் குறியை ஒரே உருப்படியாகவும் சேமிக்கலாம், முன்னால் ஒரு கொம்பு பின்னால் ஒரு கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டால் வேறு வேறு என்று வரும். தேடல் பெட்டியில் சரியாகத் தட்டியும் பெயர் கிடைக்கவில்லை என்றால் இதையும் சந்தேகப்படலாம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கமும், இப்படிப்பட்ட வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைஸ் கட்டளையைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

வரிசைப்படுத்துவதிலும் இதே கதைதான். 7, 23, 64, 131 என்ற பேருந்து எண்களை ஓர் அரேயில் போட்டு, வேறெதுவும் சொல்லாமல் சார்ட் செய்யச் சொன்னால் 131, 23, 64, 7 என்று தரும். எண்களைக்கூட ஸ்ட்ரிங்காக மாற்றி, இடமிருந்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுவதுதான் அதன் இயல்பு. 1 முதலில், 2 அடுத்தது, 7 கடைசி. 131 பெரிய எண் என்பது அதற்குத் தெரியாது. அரேக்குள் எண்ணும் சொல்லும் கலந்தே கிடக்கலாம், எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றிவிடலாம் என்ற அளவில் இதில் ஒரு நியாயம் உண்டு. எண்கள் மட்டுமே இருக்கும் அரேயிலும் அப்படியே செய்வது எனக்கு இன்னும் எரிச்சல்தான். பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார் என்பதை நினைத்தால் கோபம் கொஞ்சம் தணியும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்து வரிசைப்படுத்து என்று சொல்லிக்கொடுத்தால் பேருந்து எண்கள் சரியாகிவிடும். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக் எண்களுக்கு அது உதவாது. 9, 10, 10ஏ, 101பி என்று எழுத்து ஒட்டிய எண்களைக் கழிக்கச் சொன்னால் ‘எண் அல்ல’ என்று கைவிரிக்கும். அங்கே மொழிக்கேற்ப ஒப்பிடும் லோக்கேல்கம்பேர் கட்டளை வேண்டும். அதில் நியூமரிக் என்ற விருப்பத்தை இயக்கினால் ஸ்ட்ரிங்குக்குள் இருக்கும் இலக்கக் கூட்டத்தை முழு எண்ணாகவே எடைபோடும். தமிழ்ப் பெயர்ப்பட்டியலுக்கும் இதே கட்டளைதான். யூனிகோடில் ழ முன்னும் வ பின்னும் இருப்பதால் வெறும் சார்ட் பழத்தைப் பவளத்துக்கு முன்னால் வைக்கும்; தமிழ் என்று குறிப்பிட்டு லோக்கேல்கம்பேரிடம் கொடுத்தால் அகராதி முறைப்படி பவளம் முதலில் வரும்.

காசுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் ஒரு தேநீர் 1 வெள்ளி (டாலர்) 10 காசு என்றால் மூன்றுக்கு எவ்வளவு? 1.1ஐ 3ஆல் பெருக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் 3.3000000000000003 என்கிறது. பத்தில் ஒன்று என்பது இரும எண்முறையில் முடிவில்லாமல் நீளும் பின்னம். மொத்தம் 64 பிட், அதில் துல்லியத்துக்கு 53 என்ற கட்டுப்பாட்டுக்குள் அதை வெட்டி வைத்திருக்கிறார்கள்; வெட்டியதன் மிச்சம் கடைசியில் எட்டிப்பார்க்கிறது. வெள்ளியை விட்டுக் காசுக்கு வந்துவிட்டால் தொல்லை இல்லை: 110 பெருக்கல் 3, 330 காசு. 9 விழுக்காடு பொருள் சேவை வரியை 330ஐ 9ஆல் பெருக்கி 100ஆல் வகுத்து, 29.7 வந்ததும் 30 என்று முழுமையாக்கலாம். ஒரு காசு நாணயம் வெளியிடுவது 2002இல் நின்றுபோனதால் ரொக்கமாக வாங்கும் கடைகள் தொகையை ஐந்து காசுக்கு நெருக்கிக்கொள்கின்றன. அதற்கும் ஒரே வரி: வேறொரு தொகை 363 காசு என்றால், அதை 5ஆல் வகுத்து, 72.6ஐ 73 ஆக்கி, மறுபடி 5ஆல் பெருக்கினால் 365.

எழுத்து, எண், அரே மூன்றும் ஒரே இடத்தில் கூடும் புதிர் ஒன்று நம் சாலைகளில் தினமும் ஓடுகிறது. சிங்கப்பூர் வாகனப் பதிவெண்ணின் கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்து தற்செயலானதல்ல. முன்னால் உள்ளவற்றைக் கணக்குப் போட்டு வருவது அது. எஸ்பிஎஸ் 3229 பி (SBS 3229 P) என்ற பேருந்தை எடுத்துக்கொள்வோம். முன்னால் மூன்று எழுத்து இருந்தால் முதல் எழுத்தை விட்டுவிட வேண்டும். மீதி இரண்டும் ஆங்கில நெடுங்கணக்கில் 2ஆவது, 19ஆவது. அவற்றோடு நான்கு இலக்கங்களைச் சேர்த்தால் 2, 19, 3, 2, 2, 9 என்று ஆறு எண் கொண்ட அரே. இதற்கு இணையாக எடைகளின் அரே ஒன்று: 9, 4, 5, 4, 3, 2. நேருக்கு நேர் பெருக்கினால் 18, 76, 15, 8, 6, 18. கூட்டுத்தொகை 141. 19ஆல் வகுத்தால் மீதி 8.

அந்த மீதியை எழுத்தாக்க 19 எழுத்துகள் கொண்ட ஸ்ட்ரிங் ஒன்று இருக்கிறது. நெடுங்கணக்கின் முதல் எழுத்து முன்னால் நிற்கும். பிறகு கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரும். 6, 9, 14, 15, 17, 22, 23 ஆகிய இடங்களில் உள்ள எழுத்துகளுக்கு அங்கே இடமில்லை. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 8இல் நிற்பது நெடுங்கணக்கின் 16ஆவது எழுத்து. பேருந்தின் கடைசியில் இருக்கும் பியும் அதுவே.

நிரலாக எழுதும்போது பெருக்கலுக்கு மேப், கூட்டலுக்கு ரெடியூஸ், மீதிக்கு விழுக்காட்டுக் குறி. இடறும் இடங்கள் இரண்டு. பதிவெண் 88 என்று இரண்டே இலக்கமாக இருந்தால் பேட்ஸ்டார்ட் கட்டளையால் இடப்பக்கம் பூஜ்யம் நிரப்பி 0088 ஆக்க வேண்டும். இல்லையென்றால் எடைகள் தப்பான இலக்கங்களோடு ஜோடி சேரும். அதற்காகவே இலக்கங்களைக் கடைசிவரை ஸ்ட்ரிங்காக வைத்திருப்பது நல்லது, எண்ணாக மாற்றினால் முன்பூஜ்யம் காணாமல் போய்விடும். ஆனால் ஸ்ட்ரிங்காக இருக்கும் 3ஐ 5ஆல் பெருக்கினால் 15 வரும், 5ஐக் கூட்டினால் 35 வரும். பெருக்கல் குறி எண்ணாக மாற்றிவிடுகிறது, கூட்டல் குறி பக்கத்தில் ஒட்டிவிடுகிறது.

ஏன் 19? அது பகா எண். நான்கு இலக்கங்களில் ஒன்றை யாராவது தவறாகக் குறித்துக்கொண்டால் கூட்டுத்தொகை மாறும் அளவு, இலக்க வேறுபாட்டை எடையால் பெருக்கியது. வேறுபாடு 9க்கு மேல் போகாது, எடை 5க்கு மேல் போகாது; அப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கி 19இன் மடங்கு ஒன்றைப் பெறவே முடியாது. எனவே ஓர் இலக்கம் பிசகினால் கடைசியில் நிற்கும் சோதனை எழுத்து கட்டாயம் மாறும். 3229 என்பதை 2329 என்று இடம் மாற்றி எழுதினாலும் அப்படியே: எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் எடைகளின் வித்தியாசம் 3க்குள்தான்.

எழுத்துகளுக்கு இந்தக் காவல் முழுமையாக இல்லை. 26 எழுத்தை 19க்குள் அடைக்கும்போது 19 இடம் தள்ளியிருக்கும் இரண்டு எழுத்துகள் ஒரே மீதியைத் தரும். எஸ்பிஎஸ் 3229இன் நடு எழுத்தை 2ஆவதிலிருந்து 21ஆவதாக, அதாவது யூவாக மாற்றிக் கணக்குப் போட்டால் கூட்டுத்தொகை 312. 19ஆல் வகுத்தால் மீதி அதே 8, கடைசி எழுத்தும் அதே பி.