கதை நேரத்தில் பெற்றோரும் உட்காருங்கள்

சிங்கப்பூரில் பேரங்காடிக்குள் இயங்கும் சிறிய பொது நூலகம் ஒன்றில் பிள்ளைகளுக்கான தமிழ் நிகழ்ச்சிகளை நடத்துவது என் வேலை. சனிக்கிழமை கதை நேரம் தொடங்கும்போது கதவருகே அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "உள்ள போய் உக்காரு கண்ணு, அம்மா கீழ போய்ச் சாமான் வாங்கிட்டு வந்துடறேன்." நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா வருவார். பிள்ளையின் கையில் காகிதத்தட்டில் செய்த யானை இருக்கும். "நல்லா இருந்துச்சா?" என்பார், பிள்ளை தலையாட்டும். இருவரும் தமிழ்ப் புத்தக அடுக்கைத் தாண்டி மின்படிக்கட்டுக்குப் போய்விடுவார்கள்.

வாரம் முழுக்க வேலைக்குப் போய்வரும் பெற்றோருக்கு அந்த அரைமணி நேரம் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: எப்போதாவது வரும் ஒரு கதை நேரத்தால் மட்டும் எந்தப் பிள்ளையும் தமிழ் வாசிக்கப் பழகிவிடாது. பிள்ளைகளுக்குக் கதை சொல்வது எங்கள் வேலையில் ஒரு பாதி. ஒரு தமிழ்ப் படப் புத்தகத்தைப் பிள்ளையோடு எப்படி வாசிப்பது என்று பெரியவர்களுக்குச் செய்து காட்டுவது மறுபாதி. அதைப் பார்க்க வேண்டியவர் வெளியே இருந்தால் அந்த மறுபாதி வீண்.

இதில் எனக்கு அவசரம் ஏன் என்றால், வீட்டில் தமிழ் குறைந்துகொண்டே வருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறார்கள். 2010இல் அது 41.6 விழுக்காடு. ஆக, கதை நேரத்துக்கு வரும் நான்கு வயதுப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் என்பது தாத்தா பாட்டியிடமும் பாலர் பள்ளி ஆசிரியரிடமும் மட்டும் பேசும் மொழி. கதை கேட்கும்போது அவர்களுக்குப் புரியாமல் இல்லை, நன்றாகவே புரிகிறது. வாயைத் திறந்தால்தான் ஆங்கிலம் வருகிறது.

அந்த வாயைத் திறக்க வைப்பதுதான் கதை நேரத்தின் முக்கிய வேலை. 1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினரும் ஒரு மாதம் வீட்டில் படப் புத்தகம் வாசித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும், இடையிடையே கேள்வி கேட்கவும், குழந்தை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பிரிவின் குழந்தைகள் பேச்சில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். வாசித்த பழக்கம் இரு வீட்டிலும் ஒன்றுதான். வாசித்த விதம்தான் வித்தியாசத்தைக் கொண்டுவந்தது.

இதையே நாங்கள் நூலகத் தரைவிரிப்பில் உட்கார்ந்து செய்கிறோம். படத்தைக் காட்டி "இது யாரு?" என்று கேட்டால் ஒரு பிள்ளை "எலிஃபன்ட்!" என்று கத்தும். நான் திருத்தமாட்டேன், "தமிழ்ல சொல்லு" என்றும் கேட்கமாட்டேன். "ஆமா, யானை! எவ்வளவு பெரிய யானை பாரு. அது எங்க போகுது?" என்பேன். பிள்ளை "ஸ்கூலுக்கு" என்று சொல்லும். "யானை பள்ளிக்கூடத்துக்குப் போகுதா! பை எங்க வச்சிருக்கு?" இப்படியே நாலைந்து முறை போய்வந்தால், யாரும் கேட்காமலே 'யானை' என்ற சொல் அந்தப் பிள்ளையின் வாயில் வந்துவிடும். பிள்ளை சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதைத் தமிழில் ஒரு பிடி கூட்டித் திருப்பிக் கொடுத்தால் போதும். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெற்றோர் இதைப் பார்த்தால் அன்று இரவே வீட்டில் செய்ய முடியும். விளக்கித் தாள் அச்சடித்துக் கொடுத்தாலும் இந்த அளவுக்குப் போய்ச் சேராது.

கேள்விகளைப் பற்றி ஒரு சொல். "இது என்ன நிறம்? எத்தனை பூ?" என்றே கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு அது தேர்வு மாதிரி ஆகிவிடும். "இப்ப என்ன ஆகும்னு நினைக்கிற?", "அவன் ஏன் அழறான்?", "உனக்கு இப்படி ஆச்சுன்னா என்ன செய்வ?" என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். பெரியவர்களால் முடியாதது இந்தக் காத்திருப்புதான். பிள்ளை தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

அடுத்தது, எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம். பெற்றோர் என்னிடம் அதிகமாகக் கேட்பது இதைத்தான். புத்தகத்தில் "குரங்கு மரத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது" என்று இருக்கிறது. வீட்டில் "கொரங்கு மரத்துமேல ஏறிட்டிருந்துச்சு" என்கிறோம். வீட்டில் தமிழ் நிறையக் கேட்டு வளரும் பிள்ளை இந்த இரண்டும் ஒன்றுதான் என்று தானே பிடித்துக்கொள்ளும். குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கு இரண்டும் வெவ்வேறு மொழிகளாகத் தோன்றுகின்றன. 'தமிழ்ப் புத்தகம் புரியலை' என்று பிள்ளை சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், கதை கடினம் என்பதால் அல்ல.

நான் கையாளும் முறை எளிது. முதலில் அச்சில் உள்ளபடி நிதானமாக வாசிப்பேன், அப்போது சொல்லை மாற்றுவதில்லை. உடனே அதே காட்சியைப் பேச்சுத் தமிழில் சொல்வேன், கேள்வியும் பேச்சுத் தமிழில்தான். பிறகு அதே கதையை மறுபடி வாசிக்கும்போது எழுத்துத் தமிழ் மட்டும். அதற்குள் பிள்ளைக்குக் கதை தெரிந்திருக்கும் என்பதால் 'ஏறிக்கொண்டிருந்தது' மிரட்டாது. ஒரே புத்தகத்தைப் பத்து முறை கேட்கும் பிள்ளையைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். எழுத்துத் தமிழ் காதில் படிவது இந்தத் திரும்பத் திரும்பக் கேட்பதில்தான். பேச்சுத் தமிழில் கதை சொன்னால் பிள்ளையின் எழுத்து கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2005இல் நடந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வே வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. பிள்ளை முதலில் பேசட்டும்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பெற்றோர் சிலர் ஒதுங்கி நிற்பதற்கு வேறொரு காரணம் உண்டு. பள்ளி முடித்த பிறகு அவர்கள் தமிழ் வாசித்ததே இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டியிருக்கிறது, பிள்ளை முன்னால் தடுமாறக் கூச்சமாக இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது: மெதுவாக வாசிக்கும் பெற்றோர்தான் நான்கைந்து வயதுப் பிள்ளைக்குப் பொருத்தமான வாசகர். விரலை எழுத்தின் கீழே வைத்து நகர்த்தினால் உங்கள் வேகமும் பிள்ளையின் கண்ணும் ஒன்றாகப் போகும். பிள்ளை தூங்கிய பிறகு புத்தகத்தை ஒருமுறை தனியாக வாசித்துப் பார்த்துவிடுங்கள். அதுவும் முடியாத நாளில் எழுத்தே இல்லாத படப் புத்தகத்தை எடுங்கள். கணவன் மனைவியில் ஒருவருக்குத் தமிழ் தாய்மொழி இல்லாத குடும்பங்களுக்கும் அவை உதவும். படத்தைப் பார்த்துத் தெரிந்த தமிழில் பேசினால் அதுவும் வாசிப்புதான்.

தாத்தா பாட்டி பிள்ளையை அழைத்து வந்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி. கிணறு, மாட்டுவண்டி, திண்ணை என்று தமிழ்நாட்டில் அச்சான புத்தகங்களில் வரும் படங்களைப் பார்த்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளை விழிக்கும். அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பாட்டியின் பக்கம் திரும்புவேன். கிணற்றில் தண்ணீர் இறைத்த கதையை அவர் சொல்லத் தொடங்கினால் புத்தகம் ஓரமாக இருக்கட்டும்.

எந்தப் புத்தகத்தை எடுப்பது? பாலர் பள்ளி வயதுக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி போதும். தொடக்கநிலை ஒன்று, இரண்டில் இருக்கும் பிள்ளை தானே வாசிக்க விரும்பினால், அதன் ஆங்கிலப் புத்தகத்தைவிட ஒரு படி எளிதான தமிழ்ப் புத்தகத்தைக் கொடுங்கள். இது பல பெற்றோருக்குக் கசக்கிறது. 'ஆங்கிலத்தில் தடித்த புத்தகம் வாசிப்பவனுக்கு இவ்வளவு சின்னதா?' என்கிறார்கள். மொத்தம் 247 எழுத்துகள் உள்ள மொழி இது. உயிர்மெய்யின் வடிவங்கள் கண்ணுக்குப் பழக நாளாகும். எளிய புத்தகத்தை முழுதாக முடித்த பிள்ளை அடுத்ததைத் தானே கேட்கும். கடினமான புத்தகத்தில் பாதியில் நின்ற பிள்ளை தமிழ் அடுக்குப் பக்கமே வராது. வீட்டில் கூடுதலாகத் தேவைப்பட்டால், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாகக் கிடைக்கின்றன, கட்டணம் இல்லை.

கதையே பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. ரயில், பூச்சி, கோள்கள் என்றுதான் கேட்பார்கள். அந்த வயதுக்கேற்ற தகவல் நூல்கள் தமிழில் குறைவு என்பது வருத்தமான உண்மை. அப்போது ஆங்கில ரயில் புத்தகத்தையே எடுத்து, அதைப் பற்றித் தமிழில் பேசுங்கள். எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது சக்கரம், தண்டவாளம், சுரங்கம், நிலையம் என்று பேச எவ்வளவோ இருக்கிறது.

கைவேலைக்கு வருகிறேன். பிள்ளைகள் வெட்டுவதும் ஒட்டுவதும் எனக்கும் பிடிக்கும். ஆனால் நிகழ்ச்சியின் தரத்தைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துவரும் பொருளை வைத்து அளப்பது சரியில்லை. பசை காயும்வரை ஒரு சொல்கூடப் பேசாமல் முடிந்துவிடும் கைவேலைகள் உண்டு. அவற்றை நான் மெல்ல மெல்லக் குறைத்துவிட்டேன். குச்சியில் ஒட்டிய பொம்மையைச் செய்தால், அந்தப் பொம்மை பேச வேண்டும். கதையில் வரும் நரியும் காக்கையுமாகப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசும் பத்து நிமிடம், அழகாக வண்ணம் தீட்டிய தாளைவிட மேல். வீட்டிலும் அந்தப் பொம்மையை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். இரவு அதைக் கையில் கொடுத்து, "நரி என்ன சொல்லுச்சு?" என்று கேளுங்கள். எத்தனை புத்தகம் வாசித்தால் என்ன பரிசு என்ற கணக்கிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. பிள்ளைகள் மிக மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கதை நேரம் முடிந்த பிறகு வரும் பத்து நிமிடம்தான் நாங்கள் எதிர்பார்க்கும் நேரம். அப்போதுதான் கேட்ட கதையின் சூடு பிள்ளையிடம் இருக்கும். நேராகத் தமிழ் அடுக்குக்கு அழைத்துப் போங்கள், பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அட்டையைப் பார்த்து எடுத்தாலும் பரவாயில்லை. ஒன்றுக்கு நான்காக இரவல் வாங்குங்கள். 21 நாள் வைத்திருக்கலாம், அதற்குள் ஒன்றாவது பிடித்துப்போகும். எங்கு கிடைக்கும் என்று தெரியாவிட்டால் எங்களைக் கேளுங்கள். தமிழ் தெரிந்த ஊழியர் அந்த நேரத்தில் இல்லாவிட்டாலும் தேடித் தருவோம்.

இரவல் வாங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எந்தப் பொது நூலகத்திலும் அடுக்கில் இடம் குறைவு. நீண்ட நாள் யாரும் தொடாத புத்தகங்களுக்குப் பதில் வேறு புத்தகங்கள் வரும், புதிதாக எதை எத்தனை பிரதி வாங்குவது என்பதற்கும் இரவல் கணக்கு ஒரு சான்று. நூலகத்திலேயே உட்கார்ந்து வாசித்துவிட்டு வைத்துவிட்டால் அது அந்தக் கணக்கில் வராது. வணிகர் லீ கொங் சியான் 1953இல் இலவசப் பொது நூலகம் ஒன்றுக்காக 3,75,000 வெள்ளி (டாலர்) தர முன்வந்தபோது, அது உள்ளூர் மக்களின் மொழிகளையும் வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அந்தப் பணத்தின் துணையோடு எழுந்த தேசிய நூலகம் 1960இல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் திறக்கப்பட்டது. இன்று செம்பவாங்கின் சன் பிளாசாவிலும் சிராங்கூனின் நெக்ஸிலும் மளிகைக் கடைக்குப் போகிற வழியில் நமக்கு நூலகம் இருக்கிறது. தமிழ் அடுக்கு நிறைந்திருப்பது அதை எடுத்துப் போகிறவர்களின் கையில்தான் உள்ளது.

வசதி குறைந்த குடும்பங்களின் நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்காக 2004 முதல் 'கிட்ஸ்ரீட்' திட்டம் நடக்கிறது, தொண்டூழியர்கள் போய் வாசித்துக் காட்டுகிறார்கள். தமிழ் சரளமாக வரும் இளையர்கள் கை கொடுக்க நினைத்தால், உங்கள் வட்டார நூலகத்தில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குத் தொண்டூழியர் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். நடிப்புத் திறமை வேண்டியதில்லை, பிள்ளையோடு பேசத் தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜூன் விடுமுறைக்கும் ஆண்டிறுதி விடுமுறைக்கும் தமிழ் நிகழ்ச்சிகளின் இடங்கள் இணையத்தில் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. அன்று பார்த்தால் பதிவு செய்தவர்களில் பலர் வருவதில்லை. இடம் கிடைக்காத குடும்பம் வீட்டில் இருக்க, இங்கே தரைவிரிப்பில் பாதி காலியாகக் கிடக்கும். வர முடியாது என்று தெரிந்ததும் முந்தின நாளே பதிவை ரத்து செய்துவிடுங்கள். வருகிறவர்கள் கொஞ்சம் முன்னதாக வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள். சாமான் வாங்குவதைக் கதை முடிந்த பிறகு இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.