அமிலம் வரைந்த கோரமுகங்கள்

புதுச்சேரியில் ஓவியம் பயிலும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஸ்பானிய ஓவியர் கோயாவின் அச்சுப்படம் ஒன்றில் மேலங்கி அணிந்த கழுதை நோயாளிக்கு நாடி பார்க்கிறது. இவ்வகைப் படங்களில் சில கோடுகள் மயிரிழையாகவும் சில கன்னங்கரேலென்றும் இருக்கின்றனவே, எப்படி?"

அது 1799இல் ஸ்பெயினில் வெளியான 'காப்ரிச்சோஸ்' தொகுப்பின் 80 படங்களுள் ஒன்று. போலி மருத்துவத்தையும் சூனிய நம்பிக்கையையும் கோயா அதில் உரித்துக் காட்டினார். மந்திரித்த கயிறுக்குக் கூட்டம் சேரும் நம் ஊர்களிலும் அந்தக் கழுதைக்கு வேலை இருக்கிறது.

அமிலத்தால் தகட்டை அரித்து அச்செடுக்கும் இந்த முறைக்கு எட்சிங் என்று பெயர். செப்புத் தகட்டில் மெழுகும் பிசினும் கலந்து பூசி, ஊசியால் வரைந்து, அமிலத்தில் இடுவார்கள். பூச்சு விலகிய இடத்தில் மட்டும் செம்பு கரைந்து பள்ளமாகும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் காத்துவரும் ஓலைச்சுவடிகளிலும் மை தங்குவது பள்ளத்தில்தான். ஆனால் எழுத்தாணி ஓலையைக் கீறியாக வேண்டும். இந்த ஊசிக்கு மெழுகை விலக்கினாலே போதும். அதனால் கை தடையின்றிச் சுழல்கிறது, நடுங்குகிறது, திடீரென்று திரும்புகிறது. கோணல் வாய்களும் சுருங்கிய கன்னங்களும் அப்படித்தான் உயிர்பெறுகின்றன.

கருமையைத் தருவது நேரம். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். சில நிமிடங்களில் தகட்டை வெளியே எடுத்துக் கழுவி, மெல்லியதாக இருக்க வேண்டிய கோடுகளை வார்னிஷால் மூடிவிடுவார்கள். மற்றவை மீண்டும் அமிலத்துக்குள் போகும். மறுபடி எடுத்து, இன்னும் சிலவற்றை மூடுவார்கள். கடைசிவரை திறந்திருக்கும் கோடு ஆழமாகும், பக்கவாட்டிலும் அகலும், அதிக மை பிடிக்கும். நைட்ரிக் அமிலத்தில் வாயுக் குமிழிகள் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு அரிப்பைச் சீரற்றதாக்கும். அவற்றை இறகால் தள்ளிவிடுவது பழைய வழக்கம். அமிலத்துக்குப் பதிலாகப் பயன்படும் பெர்ரிக் குளோரைடு என்ற இரும்பு உப்புக் கரைசலில் அந்தக் குமிழிகள் இல்லை. ஆனால் வண்டல் பள்ளத்தை அடைக்கும் என்பதால் தகட்டைக் கவிழ்த்து வைப்பார்கள்.

பின்னணியின் இருள் கோடுகளால் ஆனதன்று. பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, துகள்களின் இடைவெளியை அமிலம் அரிப்பதால் வருவது. பின்பு மை தடவி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும்.

பள்ளி வேதியியல் கூடத்தையும் ஓவிய வகுப்பையும் ஒரே மேசையில் சேர்க்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். கழிவைக் கையாளவும் அந்த நிதியில் பங்கு வேண்டும். பயன்படுத்திய கரைசலில் செம்பு இருக்கிறது, அது மீன்களுக்கு நஞ்சு. சலவைச் சோடாவால் நடுநிலையாக்கி, படியும் செம்பு வண்டலைத் தனியே சேகரித்து ரசாயனக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். கடலூர், புதுச்சேரிக் கழிமுகங்களை நம்பி வலை வீசுபவர்கள் இருக்கிறார்கள்.