வரைபடத்தின் வால் ஏன் எப்போதும் சரிகிறது?

தாராவி 90 அடிச் சாலைப் பகுதியில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு டெங்குக் காய்ச்சல். ஆனால் நோய் தொடங்கிய நாள்வாரியாக வரைந்த வரைபடத்தில் கடைசி இரண்டு வாரங்களாக எண்ணிக்கை இறங்குகிறது. எதை நம்புவது?"

தொற்றுநோய்க் கணிதத்துக்கு மும்பை பழகிய ஊர். மக்களை நோய் வரக்கூடியோர், நோயுற்றோர், நோயிலிருந்து விலகியோர் என்று பிரித்துக் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் 1927இல் அமைத்த புகழ்பெற்ற கணித மாதிரி, பம்பாய்த் தீவில் 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை நேர்ந்த பிளேக் மரணங்களோடுதான் ஒப்பிடப்பட்டது. கொள்ளைநோய் ஓய்ந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்ததால், முழுக் கணக்கும் அவர்கள் கையில் இருந்தது. நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே கணிப்பவருக்கு அது கிடைப்பதில்லை.

திங்கட்கிழமை காய்ச்சல் கண்டவர் இரண்டு நாள் மருந்துக் கடை மாத்திரையோடு சமாளிக்கிறார்; பிறகு மருத்துவரிடம் போகிறார்; ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, அது வார்டு அலுவலகப் பதிவில் ஏறுவதற்குள் அடுத்த வாரம் பிறந்துவிடுகிறது. கணக்கு முடிந்துபோன பழைய வாரங்களை ஆராய்ந்தால், இந்தத் தாமதத்துக்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். ஓர் எடுத்துக்காட்டாக, ஒரே நாளில் நோய் தொடங்கிய நூறு பேரில் மூன்று நாளுக்குள் 25 பேரும், ஏழு நாளுக்குள் 60 பேரும், பதினான்கு நாளுக்குள் ஏறத்தாழ அனைவரும் பதிவாகிறார்கள் என்று கொள்வோம். இப்போது வரைபடத்தில் பதினான்கு நாளுக்கு முந்தைய எண் 90, ஏழு நாளுக்கு முந்தையது 66, மூன்று நாளுக்கு முந்தையது 30 என்றால், பார்ப்பவர் கண்ணுக்கு நோய் வேகமாகத் தணிகிறது. 66ஐ 0.6ஆலும் 30ஐ 0.25ஆலும் வகுத்துப் பாருங்கள்: 90, 110, 120. நோய் ஏறிக்கொண்டிருக்கிறது! இன்னும் வந்துசேராத நோயாளிகளை, வந்தவர்களைக் கொண்டே எண்ணிவிடும் இந்த எளிய வகுத்தலை எத்தனை முறை செய்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. காப்பீட்டுத் துறையினர் இன்னும் வராத இழப்பீட்டுக் கோரிக்கைகளை இப்படித்தான் மதிப்பிடுகிறார்கள். 1980களில் எய்ட்ஸ் கணக்கீட்டிலும் இவ்வகை முறை கைகொடுத்தது.

ஆனால் நேற்றைய எண்ணில் இது தடுமாறும். நூற்றுக்கு இருவரே பதிவாகியிருக்கும் நாளில், ஒரு பதிவு கூடினாலோ குறைந்தாலோ மதிப்பீட்டில் ஐம்பது பேர் கூடுவர் அல்லது குறைவர். கணபதி விழா விடுமுறையில் பரிசோதனைக் கூடங்கள் மூடினால் தாமதத்தின் ஒழுங்கே மாறிவிடும். ஆகவே ஒற்றை எண்ணை அல்ல, ஒரு வீச்சைச் சொல்வதே நேர்மை. மேலும், பரிசோதனைக்கே போகாதவர்களை இந்த வகுத்தல் மீட்டுத் தராது. அதற்கு ரத்த மாதிரி ஆய்வு வேண்டும். 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் நடந்த கொரோனா ஆய்வில், குடிசைப் பகுதிகளில் சுமார் 57 விழுக்காட்டினரிடமும் பிற பகுதிகளில் சுமார் 16 விழுக்காட்டினரிடமும், ஏற்கெனவே தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் காணப்பட்டது.

கணித மாதிரிகளை மேம்படுத்தப் பணம் ஒதுக்குவோர் முதலில் வார்டுதோறும் பதிவு எழுதும் ஊழியர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோய் தொடங்கிய நாள், பதிவான நாள் ஆகிய இரண்டும் ஒவ்வொரு பதிவிலும் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய கணினியாலும் மேற்சொன்ன வகுத்தலைச் செய்ய முடியாது.

வாசகிக்கு: கடைசி இரண்டு வாரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். மீதிக் கோடு ஏறுமுகமாக இருந்தால், இப்போதைக்கு உங்கள் சந்து சொல்வதையே நம்புங்கள்.