ஸ்லிட் ஸ்கின் ஸ்மியர்: தமிழில் கீறல் பூச்சு

சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் தோல் டாக்டர் எழுதித் தரும் சீட்டில் 'எஸ்.எஸ்.எஸ்.' என்று இருந்தால் அது ஸ்லிட் ஸ்கின் ஸ்மியர், தொழுநோய்க் கிருமியைத் தேடும் சோதனை. குஷ்டம், பெருவியாதி என்று பெரியவர்கள் சொல்வதும் இந்த நோயைத்தான்.

ஸ்மியர் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் கொழுப்பைக் குறித்த சொல்லோடு உறவுடையது. நெய், எண்ணெய் தடவுதல் அதன் முதற்பொருள். ஆய்வுக்கூடத்தில் ஸ்லைடில் மெலிதாகப் பரப்பிய படலம் ஸ்மியர் ஆகிவிட்டது. 'பூச்சு' இதற்குச் சரியாகப் பொருந்தும். தகராறு 'ஸ்லிட்'டில்தான். இதைத் 'தோல் சுரண்டல்' என்று எழுதுவது தப்பு. சுரண்டல் படைக்கும் தேமலுக்கும் உரியது: மேல்தோல் செதிலை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பூஞ்சையைத் தேடுவார்கள். தொழுநோய்க் கிருமி அடித்தோலில் இருப்பது. செதிலில் தேடிப் பயனில்லை. ஆகவே 'கீறல் பூச்சு'. 'கீறற்பூச்சு' என்று புணர்த்தினால் இலக்கணம் மகிழும், லேப் கவுன்டரில் ஒருவருக்கும் புரியாது.

இரண்டு காதுச் சோணையிலும், தடிப்பு இருக்கும் இடத்திலும் எடுப்பது வழக்கம். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலைக் கிள்ளி, வெளுக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். 15ஆம் எண் பிளேடால் 5 மி.மீ. நீளம், 2 மி.மீ. ஆழம் கீறி, பிளேடை 90 பாகை திருப்பிக் கீறலின் உட்சுவரை இரண்டு மூன்று முறை வழித்தால் திசுச்சாறு ஒட்டிவரும். பிடி தளர்ந்தால் ரத்தம் கலந்து கிருமியை மறைக்கும். சாற்றை ஸ்லைடில் சிறு வட்டமாகப் பரப்பி, காற்றில் உலரவிட்டு, சுடரில் இரண்டு மூன்று முறை காட்டி எடுப்பார்கள். தடிமனாகப் பூசினால் கழுவும்போது உரிந்து போகும்.

சாயம் போடுவது ஜீல்-நீல்சன் முறையில். கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஆவி வரும்வரை சூடாக்கலாம், கொதிக்க விட்டால் படிகம் படிந்து கண்ணை ஏமாற்றும். நிறம் நீக்க 1 சதவீத அமில ஆல்கஹால் போதும். காசநோய்க்குப் போடும் 20 சதவீத கந்தக அமிலத்தை இங்கே ஊற்றினால் இந்தக் கிருமியின் சிவப்பும் போய்விடும். கீறல் விழுந்த பழைய ஸ்லைடு வேண்டவே வேண்டாம். கோட்டில் தங்கிய சாயம் கிருமிபோலவே தெரியும்.

எண்ணிக்கையை ரிட்லி அளவில் 0 முதல் 6+ வரை குறிப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவைக்குக் கண்ணில் படும் வட்டம் ஒரு பார்வைப் புலம். 100 பார்வைப் புலங்களில் 1 முதல் 10 கிருமி என்றால் 1+. ஒரே புலத்தில் ஆயிரத்துக்கு மேல் என்றால் 6+. ஒரு கிராம் திசுவில் ஏறக்குறைய 10,000 கிருமியாவது இருந்தால்தான் பூச்சில் அகப்படும். தோலில் இரண்டே திட்டு, அங்கே உணர்ச்சி இல்லை, பூச்சு நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல. சீட்டைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அப்போது கைகொடுப்பது பயாப்சி, அதாவது திசுத்துண்டுச் சோதனை. சிறு தோல்துண்டை எடுத்து ஃபார்மலினில் போட்டு, நரம்பருகே அழற்சி உண்டா என்றும், ஃபைட்-ஃபராக்கோ சாயம் போட்டுக் கிருமி உண்டா என்றும் பார்ப்பார்கள். கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் கேட்காதீர்கள்: 1873இல் ஹான்சன் கண்ட இந்தக் கிருமி இன்றுவரை செயற்கை ஊடகத்தில் வளரவில்லை. எலியின் பாதத்தில் கிருமியைச் செலுத்தி வளர்க்கும், 1960இல் ஷெப்பர்ட் காட்டிய முறையும் பல மாத வேலை.

டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் சோதனை பி.சி.ஆர். அது கிருமியின் டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் 'ஆர்லெப்' துண்டைப் பிடிப்பதால் குறைந்த கிருமியையும் காட்டும். 2001இல் முழு மரபணு வரிசை வெளியான கிருமி வகைக்கு 'டி.என்.' என்று பெயர். நம் தமிழ்நாடுதான் அது. ஆனால் பி.சி.ஆர். செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் காட்டும். மருந்து முடித்தவருக்குப் பாசிட்டிவ் வந்தால், பூச்சில் முழுதாகச் சாயமேறிய கிருமி எத்தனை, துண்டுதுண்டானது எத்தனை என்று எண்ணச் சொல்லிக் கேளுங்கள். துண்டுதுண்டானது செத்த கிருமி.