கிளினிக் கொப்பியும் 11 இலக்க நம்பரும்: உங்கள் மருத்துவப் பதிவு உங்கள் கைக்கு வர

இலங்கையில் அரச ஆஸ்பத்திரியில் பதியும்போது ஒரு சின்ன அட்டையிலோ ஸ்டிக்கரிலோ பார்கோடும் அதன் கீழே 11 இலக்கமும் அடித்துத் தருகிறார்கள் அல்லவா, அதை அன்றைய வரிசை நம்பர் என்று நினைத்து வீட்டுக்கு வந்ததும் எறிந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எறியாதீர்கள். அதுதான் உங்கள் தனிநபர் சுகாதார இலக்கம், ஆஸ்பத்திரிக்காரர் பேச்சில் பீ.எச்.என். ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு இலக்கம் என்பதுதான் சுகாதார அமைச்சின் ஏற்பாடு. முதல் 4 இலக்கம் எந்த நிலையத்தில் தரப்பட்டது என்பதைக் காட்டும், அடுத்த 6 தொடர் எண், கடைசி ஒன்று சரிபார்க்கும் இலக்கம். தட்டும்போது ஒரு இலக்கம் பிழைத்தால் கம்பியூட்டரே கண்டுபிடிக்கத்தான் அந்தக் கடைசி இலக்கம்.

அடையாள அட்டை நம்பர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். பிறந்த குழந்தைக்கு அடையாள அட்டை கிடையாது. விபத்தில் மயங்கிய நிலையில் கொண்டுவரப்படுகிறவரின் பையில் அது இருக்கும் என்றும் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் உடனே ஒரு இலக்கம் கொடுத்து, அதன் கீழ் மருந்து, பரிசோதனை, டொக்டர் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் சேர்க்கத்தான் இது. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்: நம்பருக்குள் உங்கள் வருத்தம் எதுவும் பதிந்து கிடப்பதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் கம்பியூட்டர் பதிவு நடந்தால்தான், டொக்டரோ நர்ஸோ உண்மையில் அதில் எழுதினால்தான், நம்பரைத் தட்டும்போது ஏதாவது வரும். பல கிளினிக்குகளில் இன்னமும் கொப்பிதான் பதிவு. அதனால் நம்பர் கிடைத்துவிட்டது என்று கொப்பியை அலட்சியமாக வைக்க வேண்டாம், கொப்பி இருக்கிறது என்று நம்பரைத் தொலைக்கவும் வேண்டாம்.

தமிழ் ஆட்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது, நம் பெயர். அப்பா பெயர் முன்னாலும் நம் பெயர் பின்னாலும் வரும். கல்யாணத்துக்குப் பிறகு சில பெண்கள் கணவர் பெயரைச் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். கவுண்டரில் இருப்பவர் சிங்கள உச்சரிப்பில் கேட்டு ஆங்கில எழுத்தில் அடிப்பார், ஒரே சிவகுமார் மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று எழுத்துக்கூட்டலில் பதிவாகிவிடுவார். அட்டையையும் கொண்டுபோகாவிட்டால் கம்பியூட்டரில் ஆள் கிடைக்காது, அவசரத்தில் புது இலக்கம் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் பழைய பதிவு ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தாலும் புதிய டொக்டரின் கண்ணில் அது படாது. இது எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம், ஏனென்றால் இதைத் தவிர்க்கப் பெரிய செலவோ படிப்போ தேவையில்லை. எப்போதும் அடையாள அட்டையில் உள்ள அதே எழுத்துக்கூட்டலைக் காட்டிப் பதியுங்கள், வாயால் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். அட்டை அடித்துக் கையில் தந்ததும் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை நம்பர் மூன்றையும் அங்கேயே நின்று பாருங்கள். ஏற்கெனவே இரண்டு இலக்கம் வந்துவிட்டது என்றால் இரண்டையும் கொண்டுபோய்ப் பதிவுப் பகுதியில் காட்டி, எதைத் தொடர்ந்து பாவிப்பது என்று கேட்டு, அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பழைய 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட அடையாள அட்டையிலிருந்து 12 இலக்க அட்டைக்கு மாறியவர்களுக்கும் இதே குழப்பம் வரும். பழைய நம்பரில் பதிந்திருந்தால் புதிய நம்பரில் தேடும்போது நீங்கள் கிடைக்காமல் போகலாம், ஆகவே இரண்டையும் சொல்லுங்கள்.

இனி முதல்நிலைச் சிகிச்சை, அதாவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வீட்டுக்குக் கிட்ட முதலில் காட்டுவது. நாம் தலையிடிக்கும் தேசிய வைத்தியசாலைக்கும் களுபோவில ஆஸ்பத்திரிக்கும் போய் நிற்கிறவர்கள், அங்கே வரிசை ஏன் நீள்கிறது என்றும் நாமே கேட்கிறோம். 2018இல் அரசு எடுத்த கொள்கை, ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பகுதிக்குரிய சிறிய ஆஸ்பத்திரியில் பதிந்து, தொடர்ந்து அங்கேயே பார்க்கப்பட்டு, தேவைப்பட்டால் மட்டும் பெரிய இடத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது. உலக வங்கி 20 கோடி டொலர் கடன் கொடுத்தது இந்த வேலைக்குத்தான். ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள், அதாவது ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்கள், இதன் ஒரு பகுதி. 35 வயது தாண்டிய யாரும், வருத்தம் எதுவும் இல்லாமலே, போய்ப் பிரஷர், சீனி, உயரம், நிறை பார்த்து, அடுத்த 10 வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் சாத்தியம் எவ்வளவு என்று கணக்கிட்டு எழுதி வாங்கலாம். காசு கிடையாது. உங்களுக்குக் கிட்டியது எங்கே, எந்த நாளில் என்பதை எம்.ஓ.எச்., அதாவது உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கொழும்பு நகருக்குள் மாநகர சபையின் இலவச மருந்தகங்களும் இருக்கின்றன. ஆனால் நம்மில் பலர் ஒரு மாதம் வெள்ளவத்தையில் குடும்ப டொக்டரிடமும் மறு மாதம் தனியார் ஆஸ்பத்திரியிலும் அதற்கடுத்து அரச கிளினிக்கிலும் காட்டுகிறோம். இந்த மூன்று இடத்துப் பதிவும் ஒன்றோடொன்று பேசாது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

சரி, இதையெல்லாம் ஒன்லைனில் நாமே பார்க்க முடியாதா? லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் போனில் ஓர் ஆப்பைத் திறந்து தன் இரத்தப் பரிசோதனை முடிவையும் டொக்டர் எழுதிய குறிப்பையும் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் 2023 ஒக்டோபர் 31க்குள், அதன்பின் எழுதப்படும் பதிவுகளை நோயாளி ஒன்லைனில் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று குடும்ப டொக்டர்களின் ஒப்பந்தத்திலேயே போட்டார்கள். மருந்து முடிந்தால் மறுபடி கேட்பதும் அதே ஆப்பில்தான். இங்கே எல்லா அரச ஆஸ்பத்திரிக்கும் பொதுவாக அப்படி ஒரு வாசல் நோயாளிக்கு இன்னும் திறக்கவில்லை. பீ.எச்.என்.ஐ வைத்து ஆஸ்பத்திரி உங்கள் பதிவைத் திறக்கும், நீங்கள் வீட்டிலிருந்து திறக்க முடியாது. ஆகவே அந்த நம்பரைப் போட்டால் எல்லா ரிப்போர்ட்டும் காட்டுவதாகச் சொல்லி யாராவது வட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினால் அதில் அடையாள அட்டை நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள்.

நோயாளி தன் பதிவைப் பார்ப்பது வெறும் வசதிக்காக என்று நினைக்க வேண்டாம். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்கள் மருத்துவக் குறிப்புகளை வாசித்த 22,889 பேரில் ஐந்தில் ஒருவர் அதில் பிழை இருந்ததாகச் சொன்னார்கள், அப்படிச் சொன்னவர்களில் பத்தில் நான்கு பேர் அது பாரதூரமான பிழை என்றார்கள். இல்லாத வருத்தம் இருப்பதாக, குடிக்காத மருந்து குடிப்பதாக எழுதப்பட்டிருந்தால் அதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்த உடம்புக்குச் சொந்தக்காரர்தானே. இங்கே கொப்பி நம் கையிலேயே இருக்கிறது, நாம் திறந்து வாசிப்பதில்லை, அவ்வளவுதான். எழுத்து விளங்காவிட்டால் கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் நர்ஸ் மிஸ்ஸிடம் கேளுங்கள். கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

அரச ஆஸ்பத்திரிகள் ஒன்லைன் வாசலைத் திறக்கும்வரைக்கும் அப்படி ஒரு பதிவை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கிளினிக்குக்குப் பிறகும் கொப்பியின் அன்றைய பக்கத்தை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள், மருந்துத் துண்டையும் சேர்த்து. வார்டில் இருந்து துண்டு வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எதற்காகச் சேர்த்தார்கள், என்ன கண்டார்கள், என்ன கொடுத்தார்கள், வீட்டில் எதைத் தொடர வேண்டும், எல்லாம் அந்த ஒரு தாளில் வரும். அதில் பீ.எச்.டி. நம்பர் என்று ஒன்று இருக்கும், பீ.எச்.என். அல்ல, வார்டில் உங்கள் சிகிச்சையை எழுதிவைக்கும் பெட் ஹெட் டிக்கெட்டின் நம்பர், அது தெளிவாக விழுகிற மாதிரி எடுங்கள், பிறகு ஆஸ்பத்திரிப் பதிவறையில் உங்கள் வார்டுப் பதிவைத் தேட அதுதான் உதவும். தனியார் லேப்கள் எஸ்.எம்.எஸ்.இல் அனுப்பும் லிங்கை அப்படியே விட்டுவைக்காதீர்கள், பிறகு திறக்காமல் போகலாம், அன்றைக்கே ரிப்போர்ட்டை இறக்கிக்கொள்ளுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தானாகவே அடுக்கி நிற்கும். எல்லாவற்றையும் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போட்டுவைப்பது சேமிப்பு ஆகாது, தேவைப்படும் நேரத்தில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தேட வேண்டிவரும், அதைவிட, மச்சானும் மருமகளும் பார்க்க வேண்டியதில்லாத விஷயமும் அதில் இருக்கும். பூட்டுப் போட்ட போனில் தனி போல்டர் வையுங்கள், ஒரு பிரதி வேறோர் இடத்திலும் இருக்கட்டும். ஐபோனில் மெடிக்கல் ஐடி என்றும் அன்ட்ரொய்டில் அவசரத் தகவல் என்றும் ஒரு பகுதி உண்டு. அதில் ஒத்துக்கொள்ளாத மருந்து, சீனி அல்லது பிரஷர், தினமும் குடிக்கும் மாத்திரை, அழைக்க வேண்டியவரின் நம்பர் ஆகியவற்றை நிரப்பி, பூட்டிய திரையிலேயே தெரியும்படி விட்டால், 1990 அம்புலன்ஸில் வருகிறவர் உங்களை எழுப்பாமலே வாசிக்கலாம்.

அம்மா அப்பாவுக்காக இதைச் செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. படம் எடுக்குமுன் அவர்களிடம் கேளுங்கள். மனநலக் கிளினிக்கோ பாலியல் நோய்க் கிளினிக்கோ போகிறவர் அந்தப் பக்கத்தை மகனின் போனில் விரும்பாமல் இருக்கலாம், அது அவருடைய முடிவு.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட பாதுகாப்புத் தேவைப்படும் வகையில் சேர்த்திருக்கிறது. உங்களைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தச் சொல்லவும் அதில் உரிமை இருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. அதனால் கையில் எடுக்க வசதியானது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். அடுத்தவரின் மருத்துவப் பதிவை அந்தச் சட்டத்தில் கேட்டு வாங்க முடியாது, அவர் எழுத்தில் சம்மதித்தால் தவிர. அதே விதி உங்கள் பதிவை நீங்கள் கேட்கும்போது தடையாக நிற்காது, எழுத்தில் சம்மதத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். விண்ணப்பம் போவது அந்த ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலருக்கு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாளுக்குள் வர வேண்டும், உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் 48 மணித்தியாலத்துக்குள். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வராதீர்கள், மேன்முறையீடு செய்ய நேர்ந்தால் திகதியைக் காட்ட அது வேண்டும்.

தமிழில் எழுதிக் கொடுக்கலாமா என்று தயங்குகிறவர்கள் கொழும்பில் அதிகம். கொடுக்கலாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. சட்டப்படி பார்க்க உரிமையுள்ள அரச பதிவுகளின் பிரதியையும் அதே மொழிகளில் கேட்கலாம். மருத்துவக் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது, அதை மாற்றச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் மாத்திரையை எப்போது, எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லச் சொல்லி மருந்து கொடுக்கும் கவுண்டரில் கேளுங்கள், அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் உறையில் படம் போட்டோ நேரத்தைக் குறித்தோ தரச் சொல்லுங்கள், அந்த உறையையும் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள்.