எரர் வந்தால் முதலில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்

திருப்பூர் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான், இரண்டும் புரோகிராம் எழுதும் மொழிகள். லேபில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதாவது வந்தால் போதும், உடனே கை மேலே போகும்: "சார், எரர் வருதுங்க சார்." என்ன எரர் என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் யாரும் அதைப் படிப்பதே இல்லை. நானும் பல வருடம் போய்க் குனிந்து இரண்டு எழுத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டு அடுத்த சிஸ்டத்துக்கு நகர்ந்திருக்கிறேன். அது பெரிய தப்பு. அந்த ஒரு வரிதான் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த ஆங்கிலப் பாடம், அதை நானே அழித்துக்கொண்டிருந்தேன்.

சராசரி மார்க்கை வாங்கி கிரேடு சொல்லும் ஒரு சின்ன புரோகிராம். முழு எண் மட்டும் வாங்கும்படி எழுதிவிட்டு, ஒரு பெண் 85.5 என்று கொடுத்தாள். 'இன்வாலிட் லிட்டரல்' என்று வந்தது. படி கண்ணு என்றேன், தட்டுத்தடுமாறிப் படித்தாள். அர்த்தம் தெரியவில்லை. "அம்மா ஃபோனுக்கு ரீசார்ஜ் பண்றப்ப 28 நாள்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். "வேலிடிட்டிங்க சார்." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "அப்ப இது செல்லாதுன்னு சொல்லுதுங்களா?" அவ்வளவுதான். ஏன் செல்லாது என்று அவளே யோசித்து, புள்ளி வைத்த எண்ணை வாங்கும் ஃப்ளோட்டுக்கு மாற்றினாள். வேலிட் என்ற சொல் இனி அவளுக்கு மறக்காது என்று நம்புகிறேன், ஏனென்றால் அதை வைத்து அவள் ஒரு வேலையை முடித்திருக்கிறாள்.

பைத்தானில் சில வரிகளைத் தொடக்கத்தில் இடம் விட்டு உள்தள்ளி எழுத வேண்டும். அப்படி உள்தள்ளாமல் விட்டால் 'எக்ஸ்பெக்டட் அன் இன்டென்டட் பிளாக்' என்று வரும், தேவையில்லாத இடத்தில் தள்ளினால் 'அன்எக்ஸ்பெக்டட் இன்டென்ட்'. இரண்டையும் வேண்டுமென்றே வரவழைத்து போர்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டால், அன்எக்ஸ்பெக்டட்டில் முன்னால் ஒட்டிய 'அன்' எதிர்மறை என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு பையன் உடனே கேட்டான்: இன்வாலிட்டில் 'இன்' என்றால் இல்லை, சரி, அப்ப இன்புட்டில் இருக்கும் 'இன்'? நல்ல கேள்வி. அங்கே உள்ளே என்று அர்த்தம். அந்த வகுப்பு முழுக்க இதிலேயே போனது, எனக்கு வருத்தமே இல்லை.

அப்புறம் 'நேம் டோட்டல் இஸ் நாட் டிஃபைன்ட்'. டோட்டல் என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை. இங்கிலீஷ் பீரியடில் பாசிவ் வாய்ஸ் என்று வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி எழுதிய பிள்ளைகளுக்கு, அது உண்மையிலேயே ஒருவர் இன்னொருவருக்கு விஷயம் சொல்லும் முறை என்று தெரிவது இங்கேதான்.

இப்போதைய பைத்தானில் கீவேர்டுகள், அதாவது அந்த மொழி தனக்கென்று ஒதுக்கிவைத்த சொற்கள், மொத்தமே 35, அதில் பெரும்பாலானவை சாதாரணப் புழக்கத்துச் சொற்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எக்ஸ்போர்ட் தெரியும், வீட்டில் யாராவது எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போவார்கள். அதற்கு மறுபக்கம் இம்போர்ட் என்றால் முடிந்தது, வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவருகிறோம். ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதற்கு லூப் என்று பெயர். நிட்டிங்கில் வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைக்கு அது புதுச்சொல்லே இல்லை, அங்கே நூல் வளையம்தான் லூப். ஸ்ட்ரிங்கைப் பாடப்புத்தகம் சரம் என்கிறது. மல்லிகைச் சரம் மாதிரி எழுத்துகளைக் கோத்தது என்று காட்டினால் தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்தே பதிகின்றன. தமிழ்க் கலைச்சொல்லை ஒதுக்கிவிட்டு ஆங்கிலம் மட்டும் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பொருள் பிடிபட ஒரு பிடி வேண்டும், அதைத் தாய்மொழிதான் தரும்.

ஒரு எச்சரிக்கை. கணினியில் ஒரு சொல்லுக்கு இருக்கும் அர்த்தம் மிகக் குறுகியது. பிரின்ட் என்று எழுதினால் காகிதம் எதுவும் வராது, திரையில்தான் காட்டும். ஆர்க்யுமென்ட் இங்கே வாக்குவாதம் இல்லை, ஃபங்ஷனுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு. பாஸ் என்றால் பரீட்சையில் தேறுவது, பஸ் பாஸ், பந்தைத் தள்ளிவிடுவது எல்லாம் போக, பைத்தானில் 'எதுவும் செய்யாதே, கடந்து போ'. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நோட்டில் இரண்டு வரி எழுதச் சொல்கிறேன்: ஒன்று புரோகிராமில் வந்தது, இன்னொன்று வீட்டிலோ கடையிலோ பேசக்கூடியது. இரண்டாவது வரிதான் கஷ்டம், அதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். கீவேர்டுகளைக் கற்றுவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று பெற்றோருக்கு யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம், வராது.

இன்னொன்று, கலர். பைத்தானில் படம் வரைய உதவும் டர்ட்டிலில் அந்தச் சொல்லுக்கு 'யு' கிடையாது, அமெரிக்க எழுத்துமுறை. நம் இங்கிலீஷ் புத்தகத்தில் 'யு' உண்டு. படம் வரையும்போது 'யு' போட்டால் எரர், பரீட்சைத்தாளில் புத்தகத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், ஒழுங்காகப் படித்த பிள்ளைதான் முதலில் குழம்பும்.